அரைத்தேராளி: வலிமையை அளந்த பட்டியல்களும் பழவேற்காட்டுப் பாடு முறையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'காப்பியங்களில் வீரம்' என்னும் தலைப்பில் பேசுமாறு பணித்திருந்தீர்கள். அஃது ஒரு கடல். அதனுள் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள விழைகின்றேன். மனித ஆற்றலைக் கடந்த வலிமையுடையோர் எனக் காப்பியம் காட்டும் வீரர்களை, இவர் மேல், இவர் கீழ், இவர் பாதி எனத் தரம் பிரித்துப் பட்டியலிட்ட முறை ஒன்று நம் பாரதக் கதையில் உண்டு. அம்முறை எப்படி அமைந்தது, போர்க்களத்தில் அது பலித்ததா, பழவேற்காட்டுக் கரையில் வாழும் நமக்கு அதனால் ஆகும் பயன் யாது என்பனவற்றை உங்கள் முன் வைக்கின்றேன்.

எண்ணிப் பார்க்கும் ஆசை

'கர்ணன் பெரியவனா, அர்ச்சுனன் பெரியவனா?' என்ற வினா திண்ணையில் எழாத ஊர் தமிழகத்தில் இல்லை எனலாம். அவ்வினாவை இன்றைய பிள்ளைகள் வேறு பெயர்களை வைத்துக் கேட்கின்றனர். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை மல்யுத்த வீரர்களின் படம் அச்சிட்ட சீட்டுகளை வைத்துக்கொண்டு சிறுவர்கள் தெருவில் ஆடுவர். உயரம், எடை, தர எண் என ஒவ்வொரு சீட்டிலும் கணக்கு இருக்கும். கணக்கில் மேம்பட்டவன் சீட்டை வெல்வான். இன்று அவ்வாட்டம் கைப்பேசிக்குள் போய்விட்டது. கணக்கு மட்டும் மாறவில்லை.

இஃது ஏதோ இக்காலப் பிள்ளைகளின் விளையாட்டுத்தனம் என்று ஒதுக்குவதற்கில்லை. நம் முன்னோரும் எண்ணியவர்களே. போரில் ஆயிரம் யானைகளை வென்றவனுக்கே பரணி பாடுதல் வேண்டும் எனப் பாட்டியல் நூலார் வரையறை செய்தனர். ஓர் இலக்கிய வகைக்குத் தலைவனாவதற்கே யானைக் கணக்கில் ஒரு தகுதி எல்லை வைத்த மரபு நம்முடையது. படைத்தலைவர்க்கு 'ஏனாதி' என்னும் பட்டம் அளித்து மோதிரம் அணிவித்த மன்னர்களைப் பழைய உரைகள் காட்டுகின்றன. யோக நூலாரோ அணிமா முதல் வசித்துவம் ஈறாக எட்டுப் பேராற்றல்களை வகுத்தனர். அணுவினும் சிறிதாதல், மலையினும் பெரிதாதல், காற்றினும் இலேசாதல் என விரியும் அவ்வெட்டனைத் திருமூலர் தம் மூன்றாம் தந்திரத்துள் விரித்துரைக்கின்றார்.

மேலை நாட்டாரும் இதில் நமக்கு இளைத்தவர் அல்லர். அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 1980களில் தன் படக்கதை மாந்தர்கள் அனைவர்க்கும் ஒரு கையேடு வெளியிட்டது. அதில் இன்னார் இத்தனை டன் எடையைத் தூக்க வல்லார் என்னும் கணக்கு உண்டு. 100 டன்னும் அதற்கு மேலும் தூக்குவோர் தலைவகுப்பினர். பச்சை நிற உடலனான ஹல்க் அவ்வகுப்பில் இடம்பெற்றான். 1984இல் சப்பானில் அகிரா தொரியாமா எழுதத் தொடங்கிய 'டிராகன் பால்' படக்கதையில், கண்மேல் அணியும் கருவி ஒன்று எதிரியின் ஆற்றலை எண்ணாகக் காட்டிவிடும். ஆனால் அக்கதையின் வீரர்கள் தம் ஆற்றலை அடக்கி மறைக்கவும், வேண்டும்போது பெருக்கவும் கற்றுக்கொள்கின்றனர். கருவி காட்டிய எண்ணை நம்பியவர்கள் தோற்கின்றனர். எண்ணால் அளக்கும் முறையை அமைத்த ஆசிரியரே அம்முறை பொய்ப்பதையும் தம் கதைக்குள் அமைத்துள்ளார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இதே நுட்பத்தை வியாசர் எவ்வளவோ காலத்துக்கு முன்பே கையாண்டுள்ளார் என்பதே இனி நான் சொல்லப்போவது.

பீஷ்மர் இட்ட பட்டியல்

பாரதத்தின் உத்தியோக பருவத்தில், போர் தொடங்குமுன் துரியோதனன் பீஷ்மரை அணுகி, இருதரப்பிலும் உள்ள தேர்வீரர்களைத் தரம் பிரித்துச் சொல்லுமாறு வேண்டுகின்றான். படைத்தலைவராகிய பீஷ்மரும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வகுக்கத் தொடங்குகின்றார். இதற்கென்றே அப்பருவத்துள் தனி உட்பருவம் ஒன்று அமைந்துள்ளது.

அளவுகோல் இதுதான். ஒருவனோடு நின்று பொரவல்லவன் ரதன். தனியனாய்ப் பதினாயிரம் வில்லாளரோடு பொரவல்லவன் மகாரதன். கணக்கற்றவரோடு பொரவல்லவன் அதிரதன். ரதனிலும் குறைந்தவன் அர்த்தரதன், அதாவது அரைத்தேராளி. உரையாசிரியர்கள் தரும் விளக்கம் இது. தமிழில் பாரதம் பாடியோரும் சொன்னோரும் அதிரதர், மகாரதர், சமரதர், அர்த்தரதர் என நால்வகையாக இதனை வழங்குவர்.

பீஷ்மர் இவ்வளவில் நிற்கவில்லை. பின்னக் கணக்கும் பெருக்கல் கணக்கும் போடுகின்றார். சகுனி ஒரு ரதன். சயத்திரதன் இரண்டு ரதர்க்கு ஒப்பு. வீமன் எட்டு ரதர்க்கு ஒப்பு. சல்லியன் அதிரதன், திட்டத்துய்மனும் அதிரதன். அபிமன்யு தேர்க்கூட்டத் தலைவர்க்கெல்லாம் தலைவன். அர்ச்சுனனுக்கு இருபடையிலும் நிகரில்லை. இவ்வாறு ஒரு வணிகன் சரக்கு எடை போடுவது போல வகுத்துக்கொண்டு போகின்றார்.

அசுவத்தாமனிடம் வரும்போது அவர் கோல் தடுமாறுகின்றது. வில்லாற்றலில் அவனுக்கு நிகர் இல்லை என்கின்றார். ஆயினும் தன் உயிர்மேல் அவனுக்கு ஆசை மிகுதி, ஆதலின் அவனை ரதனாகவும் கொள்ளேன், அதிரதனாகவும் கொள்ளேன் என்கின்றார். அம்பின் வேகத்தை அளந்துகொண்டு வந்த பட்டியல் இங்கே திடுமென மனத்தை அளக்கப் புகுகின்றது.

அடுத்துக் கர்ணன். பிறவியோடு வந்த கவசத்தையும் குண்டலங்களையும் இழந்தவன், பரசுராமரின் சாபம் பெற்றவன், தற்பெருமை பேசுபவன். ஆதலால் இவன் அர்த்தரதனே என்கின்றார் பீஷ்மர். துரோணர் அதனை ஆமோதிக்கின்றார். அவர் காட்டும் காரணங்களுள் ஒன்றை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கர்ணன் இரக்கமுடையவன், கருத்தின்றி இருப்பவன், ஆதலால் அவன் பாதி என்பது அவர் கூற்று. கவசம் எப்படிப் போயிற்று? இந்திரன் அந்தணன் வடிவில் வந்து இரந்தபோது, வந்தவன் யாரென்று தெரிந்திருந்தும் அரிந்து கொடுத்தான். கொடுத்ததனால் குறைந்தான், இரங்கியதனால் குறைந்தான். கொடையும் இரக்கமும் கழித்தல் குறியோடு நுழைந்த கணக்கு இது.

கர்ணன் வெகுண்டெழுந்து, பீஷ்மர் உயிரோடு களத்தில் நிற்கும்வரை வில்லெடேன் எனச் சூளுரைத்து விலகுகின்றான். பத்து நாள் கௌரவர் படை கர்ணனின்றிப் போரிட்டது. ஒரு தரவரிசை, தான் அளக்க வந்த போரையே மாற்றிவிட்டது. பட்டியலை வெறும் அளவை என்று கருதுவோர்க்கு இவ்விடம் நல்ல பாடம். ஒருவரை அவையில் வைத்துப் 'பாதி' என்று சொல்வது ஒரு செயல். அச்செயலுக்கு விளைவு உண்டு.

களம் சொன்ன விடை

இனி அப்பட்டியல் பலித்ததா என்று பார்ப்போம்.

தலைவர்க்கெல்லாம் தலைவன் என்று உயர்த்தப்பட்ட அபிமன்யு பதின்மூன்றாம் நாள் வியூகத்துள் தனியே அகப்பட்டுப் பலரால் சூழப்பட்டு மடிகின்றான். எந்த வகுப்பிலும் சேர்க்கப்படாத அசுவத்தாமனோ, பதினெட்டாம் நாள் இரவில் உறங்கும் பாசறைக்குள் புகுந்து திட்டத்துய்மனையும் திரௌபதியின் ஐந்து மைந்தரையும் சிகண்டியையும் கொன்று, போரின் முடிவையே இருளாக்குகின்றான். போர் தர்மத்தின் எல்லைக்குள் அவனை எண்ணாது விட்ட பட்டியல், அந்த எல்லைக்கு வெளியே அவன் என்ன செய்வான் என்பதைச் சொல்லவில்லை.

சிகண்டியின் இடம் இன்னும் கூர்மையானது. ரதர்களுள் சிறந்த ஒருவர் என்னும் அளவில் பீஷ்மர் சிகண்டியைச் சொல்லிச் செல்கின்றார். ஆனால் பட்டியலை முடிக்கும்போது, பெண்ணாய்ப் பிறந்து ஆணான சிகண்டியை எதிர்த்து அம்பு தொடேன் என்றும் கூறிவிடுகின்றார். பத்தாம் நாள் சிகண்டியை முன்னிறுத்தி எய்த அம்புகளாலேயே அவர் வீழ்கின்றார். சிகண்டிக்குள் இருந்தவள் அம்பை. சுயம்வரத்திலிருந்து கவர்ந்துவரப்பட்டு, எந்த வீட்டிலும் ஏற்கப்படாது, தவமிருந்து உடல் நீத்த பெண்ணின் சினம் எத்தனை ரதர்க்கு ஒப்பு என்று அப்பட்டியலில் எண் இல்லை.

எல்லாவற்றிலும் சிறந்த சான்று அம்புப் படுக்கையில் கிடைக்கின்றது. வீழ்ந்து கிடக்கும் பீஷ்மரைக் காணக் கர்ணன் தனியே வருகின்றான். காவலரை விலக்கி, அவனை ஒரு கையால் தழுவிக்கொண்டு அவர் உண்மையைச் சொல்கின்றார். உன் ஆற்றலை நான் அறிவேன். வில்லில் நீ அர்ச்சுனனுக்கும் கண்ணனுக்கும் நிகரானவன். உன் வேகத்தைத் தணிக்கவே கடுஞ்சொல் சொன்னேன் என்பது அவர் மொழியின் சாரம். அரைத்தேர் என்பது அளந்து கண்ட முடிவன்று, உறவினருக்குள் மூளவிருந்த பகையைக் குறைக்க எறிந்த சொல் என அளந்தவரே ஒப்புகின்றார். ஆனால் முன்பு அவையறியச் சொன்னது, இங்கே யாருமில்லாத இடத்தில் திருத்தப்படுகின்றது. அவையில் கேட்டோர் காதில் 'பாதி' என்பதே நின்றது.

மக்கள் மன்றமோ இத்தீர்ப்பை ஏற்கவில்லை. தொண்டை மண்டலத்து ஊர்களில் திரௌபதியம்மன் விழாவில் பாரதச் சொற்பொழிவும் தெருக்கூத்தும் நடப்பதை நாம் அறிவோம். விழாக்காலம் அல்லாத நாளில், இறந்தவர்க்குரிய கருமாதிச் சடங்கின்போது வட தமிழகத்தில் பெரிதும் ஆடப்படும் கூத்து எது? 'கர்ண மோட்சம்'. தம் வீட்டுப் பெரியவர் நற்கதி அடைய வேண்டும் என்று விரும்பும் குடும்பத்தார் அர்ச்சுனன் வெற்றியை ஆடச் சொல்வதில்லை. பீஷ்மரின் பெருமையை ஆடச் சொல்வதில்லை. செய்த புண்ணியம் அனைத்தையும் குருதியோடு தாரை வார்த்த அரைத்தேராளியின் சாவைத்தான் விடிய விடிய ஆடச் சொல்கின்றனர். அவைக்களம் எதைக் கழித்ததோ, அதையே மக்கள் கூட்டிக்கொண்டனர்.

பட்டியலில் மீனவர் உண்டா?

இப்பகுதியை வகுப்பில் நடத்தியபோது, ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வரும் மாணவி எழுந்து, "அம்மா, அந்தப் பட்டியல்ல எங்க ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நல்ல ஆய்வேட்டிற்குரிய வினா அது என்று அவளிடம் அன்று சொன்னதை, இன்று இவ்வவையில் விரித்துச் சொல்கின்றேன்.

பட்டியலில் மீனவர் ஒருவரும் இல்லை. ஆனால் பட்டியல் இட்டவரின் ஆற்றல் எங்கே பிறந்தது? பீஷ்மரின் தலையாய பேராற்றல், தாம் விரும்பும்போது மட்டுமே சாவு தம்மை அணுகும் என்னும் வரம். அவ்வரத்தை அவர் பெற்ற வரலாறு யமுனைக் கரையில், மீனவர் தலைவன் வீட்டு வாயிலில் நடக்கின்றது. ஓடம் ஓட்டிய சத்தியவதியைச் சந்தனு மன்னன் விரும்புகின்றான். என் மகள் வயிற்றுப் பிள்ளைக்கே அரசு வேண்டும் என்கின்றான் மீனவர் தலைவன். பட்டத்திற்குரிய தேவவிரதன் அரசைத் துறக்கின்றான். உன் பிள்ளைகள் நாளை உரிமை கேட்டால் என்று அடுத்த வினா வருகின்றது. வாழ்நாள் முழுதும் மணமின்றி இருப்பேன் என்று அங்கேயே அவன் சூளுரைக்கின்றான். அச்சூளால்தான் பீஷ்மன் என்னும் பெயர். அதற்கு மகிழ்ந்து தந்தை அளித்ததுதான் அவ்வரம். பேரரசனுக்கு முன் நின்று, தன் மகளின் எதிர்காலத்திற்கு உறுதி கேட்டுப் பெற்ற அந்தத் தந்தையின் துணிவை எந்த வகுப்பில் வைப்பது?

அச்சத்தியவதியின் மகனே கதையை எழுதிய வியாசன், யமுனைத் தீவில் பிறந்தவன். அவன் வழியே திருதராட்டிரனும் பாண்டுவும் தோன்றினர். ஆகவே குருச்சேத்திரத்தில் இருபுறமும் நின்ற நூற்றுவர்க்கும் ஐவர்க்கும் பூட்டி, மீன்மணம் வீசிய உடலோடு ஓடம் தள்ளிய பெண்ணே ஆவாள். தேர்களை எண்ணிய கணக்கில் ஓடத்துக்கு இடமில்லை. ஆனால் தேரேறியோர் அனைவரும் அந்த ஓடத்திலிருந்து இறங்கி வந்தவர்கள். மாணவியின் வினாவுக்கு இதுவே என் விடை.

வள்ளுவர் வைத்த வரிசை

தேரையும் ஓடத்தையும் ஒருங்கே நினைத்தவர் திருவள்ளுவர். 48ஆம் அதிகாரம் வலியறிதல். அதில் தன் வலிமை, மாற்றான் வலிமை என்பனவற்றோடு, செய்யத் தொடங்கும் வினையின் வலிமையையும் துணைவரின் வலிமையையும் சேர்த்து எடைபோடச் சொல்கின்றார். மிக மெல்லிய மயிற்பீலியும் அளவு மிஞ்சினால் அச்சை முறிக்கும் என்று எச்சரிப்பதும் அங்கேதான். அத்தோடு விடாமல் 49ஆம் அதிகாரத்தில் காலத்தையும் 50ஆம் அதிகாரத்தில் இடத்தையும் வைக்கின்றார். பகலில் காக்கை ஆந்தையை வெல்லும். ஆழ்நீரில் முதலை எதையும் வெல்லும். நீரை விட்டு வந்தால் அதையே பிற விலங்குகள் வெல்லும். நெடுந்தேர் கடலில் ஓடாது. கடலோடும் நாவாய் நிலத்தில் ஓடாது. இம்மூன்று அதிகாரங்களையும் தொடர்ந்து படிப்போர்க்கு, காலமும் இடமும் சொல்லாத தரவரிசை பாதிக் கணக்கே என்பது விளங்கும்.

பழவேற்காட்டில் இருப்போர்க்கு இதனை விளக்கவே வேண்டியதில்லை. நம் ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 14.7.2023 அன்று சந்திரயான் 3 விண்ணேறியது. அதனைச் சுமந்த ஏவுகலத்தின் எடை ஏறத்தாழ 640 டன். நாட்டின் பெருவலிமைகளுள் ஒன்று நம் கண்ணெதிரே தீப்பிழம்போடு எழுகின்றது. அது நமக்கும் பெருமையே. ஏவும் நாளில் கடலுக்குப் போகாதீர் என்று படகுகளுக்கு அறிவிப்பு வருகின்றது. நிலவை எட்டும் அந்த ஆற்றலால், ஏரியின் முகத்துவாரம் மணல் மூடிக் கடல்நீர் உள்ளே வராது போகும்போது ஒரு பிடி மணலையும் அகற்ற இயலாது. அந்த இடத்தில், எந்த நீரோட்டம் எந்தப் பக்கம் மணலைத் தள்ளும் என்று நெற்றியைச் சுருக்கிப் பார்த்துச் சொல்லும் கிழவரின் அறிவே முதல் வகுப்பு.

பாடு என்னும் அறம்

வலிமையைத் தரம் பிரித்த மரபைப் பார்த்தோம். தரம் பிரிக்க மறுத்த மரபு ஒன்று நம் ஏரியிலேயே உள்ளது. அதுவே பாடு முறை.

'பாடு' என்னும் சொல்லுக்கு உழைப்பு, இடம், பெருமை எனப் பல பொருள்களை அகராதிகள் தருகின்றன. நம் மீனவர் வழக்கில் அது, ஏரியின் குறித்த நீர்ப்பரப்பில் குறித்த நாளில் வலை கட்டும் முறையுரிமையைக் குறிக்கும். ஏரி எங்கும் ஒரே வளமுடையதன்று. முகத்துவாரத்தை ஒட்டி, கடல்நீர் ஏறி இறங்கும் ஓட்டத்தில் இறால் மிகுதியாய்ப் படும் இடங்கள் சில. மற்றவை அத்தகையன அல்ல. அந்த நல்ல இடங்களை வலிமை மிக்கோர் பிடித்துக்கொள்வது என்றால் நாள்தோறும் குருச்சேத்திரம்தான். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய குப்பங்களின் பெரியோர் வகுத்த வழியோ வேறு. உரிமையுடைய தலைக்கட்டுகளின் பட்டியல் ஒன்று. அதிலுள்ளோர்க்குச் சீட்டுப் போட்டு இடமும் நாளும் குறித்தல். குறித்த முறைப்படி சுற்றிச் சுற்றி வருதல். இன்று நல்ல இடம் கிடைத்தவன் நாளை வேறிடம் போவான். இன்று வறிதே திரும்பியவனுக்கும் நல்ல இடம் வரும்.

இதன் நுட்பத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தோள்வலி மிக்கவன், பெரிய வலை வைத்திருப்பவன், சொல்வன்மை உடையவன் எனக் குப்பத்திலும் ஏற்றத்தாழ்வு உண்டு. அவரவர் ஆற்றல் யாருக்கும் தெரியாததன்று. தெரிந்தும், ஏரியில் இறங்கும்போது அதனைக் கணக்கில் எடுப்பதில்லை என்று ஓர் ஊரே உடன்படுகின்றது. சீட்டுக்கு அதிரதனும் தெரியாது, அர்த்தரதனும் தெரியாது. பாதி என்று சொல்லி ஒருவரை அவையினின்று எழுந்துபோகச் செய்யும் வாய்ப்பையே அம்முறை அகற்றிவிட்டது. ஆராய்ச்சியாளர்கள் இதனை மீன்வளப் பாதுகாப்பு முறை என்ற நோக்கில் ஆய்ந்து எழுதியுள்ளனர். இலக்கிய மாணவி என்ற நிலையில் நான் இதனை உத்தியோக பருவத்திற்கு நம் கரையார் எழுதிய மறுப்புரை என்றே படிக்கின்றேன்.

பட்டியலுக்கு வெளியே

ஆயினும் புகழ்ந்து முடித்துவிட்டால் என் கடமை தீராது. பாடு முறையிலும் ஒரு பட்டியல் உண்டு என்றேன். பட்டியல் இருக்குமிடத்தில் அதற்கு வெளியே நிற்போரும் உண்டு. பாடு உரிமை இல்லாத குப்பத்தார் தமக்கும் பங்கு கேட்டதும், அதனால் பிணக்குகள் எழுந்ததும் இவ்வேரியின் வரலாற்றிலேயே உள்ளன. தலைக்கட்டு என்பது ஆணின் பெயரால் எண்ணப்படுகின்றது. விடியுமுன் மீன் கூடையைத் தலையிலேற்றிச் சந்தைக்கு விரைந்து, அன்றைய வரவையும் கடனையும் மனக்கணக்கில் வைத்திருக்கும் பெண்ணுக்குச் சீட்டில் பெயர் இல்லை.

இருளர் சமூகத்தாரை நினையுங்கள். வலையின்றி, படகின்றி, இடுப்பளவு சேற்று நீரில் இறங்கி, பனையோலைக் கூடையின் விளிம்பைப் பற்களால் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் தடவியே இறால் பிடிக்கும் பெண்கள் இவ்வேரியில் உள்ளனர். சேற்றுக்கடியில் அசையும் உயிரை விரல் நுனியால் அறியும் திறன் மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கருவியில்லாமல் அறியும் சித்தி ஒன்பதாவதாக இருந்திருந்தால் அது இவர்களுடையது. பீஷ்மர் பட்டியலில் இல்லாதது போலவே, பாட்டுப் பட்டியலிலும் இவர்கள் இல்லை.

செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. வீழ்ந்த வீரனோடு, அவன் வளர்த்த நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. 'கோவிவன்' என்று நாயின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வீரன் எத்தனை பேருக்கு ஒப்பு என்று அக்கல் கணக்குச் சொல்லவில்லை. இவன் நின்றான், இதுவும் நின்றது என்று பெயர் சொல்கின்றது. பட்டியலுக்கு வெளியே நிற்போர்க்கு நாம் செய்யத்தக்கது அதுவே எனக் கருதுகின்றேன். அவர்களையும் இழுத்து வந்து ஏதோ ஒரு வகுப்பில் அமர்த்துவதைக் காட்டிலும், பெயரையும் செயலையும் பிழையறப் பதிந்துவைப்பது நல்லது.

ஒரு வேண்டுகோள்

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைத்து அமைகின்றேன். காப்பியம் படிக்கின்றோம், படிக்கவும் வேண்டும். அதனோடு, நம் குப்பங்களில் வழங்கும் சொற்களையும் தொகுக்க முற்படுவோம். வலைகளின் பெயர், காற்றின் பெயர், நீரோட்டத்தின் பெயர், பாட்டுச் சீட்டு எடுக்கும் முறை, பிணக்கு வந்தால் ஊரார் தீர்க்கும் வகை, இருளர் பெண்கள் சேற்றைத் தரம் பிரித்து அழைக்கும் பெயர்கள் ஆகிய அனைத்தும் முதியோர் நாவில் இன்னும் உள்ளன. ஏரி தூர்ந்துகொண்டு வருகின்றது. இளைஞர் தொழிற்சாலை வேலைக்குப் பெயர்கின்றனர். சொல்பவர் மறைந்தால் சொல்லும் மறையும். வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு முதியவரிடம் அமர்ந்து கேட்டு எழுதினால், அடுத்த மலர் வெளிவருமுன் ஒரு நல்ல வட்டாரச் சொற்றொகை நம் கையில் இருக்கும். எங்கள் மாணவியர் அப்பணியில் துணைநிற்பர். பட்டியலில் தன் ஆட்கள் உண்டா என்று கேட்ட அம்மாணவி முதல் ஏட்டை ஏற்கெனவே தொடங்கிவிட்டாள்.

தொகுக்கும்போது ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். யார் பெரியவர் என்று கேட்டுச் செல்லவேண்டாம். உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டுச் செல்வோம்.